ஓதம் முதலில் எதை உரிக்கிறது? மங்கலான குறுந்திரள்களும் அவற்றின் கரும்பொருளும்

"பால்வெளி தன் அருகிலுள்ள சிறிய விண்மீன் திரளை விழுங்கிக்கொண்டிருக்கிறது." விண்வெளிச் செய்திகளில் இந்த வாக்கியத்தை அடிக்கடி பார்க்கிறோம். அதன் பின்னாலேயே இன்னொன்றும் வரும். ஒளிராமல், ஈர்ப்பால் மட்டுமே தெரியவரும் கரும்பொருள் அந்தச் சிறிய திரளில் இல்லவே இல்லை என்று ஒரு செய்தி சொல்லும். அது முழுக்கக் கரும்பொருளால் ஆனது என்று மற்றொரு செய்தி சொல்லும். எதை நம்புவது என்று படிப்பவர் திகைத்துப்போவார்.

குழப்பத்தின் வேர் 'விழுங்குதல்' என்ற சொல்லில் இருக்கிறது. விழுங்குகிற வாய், அகப்பட்டதை ஒட்டுமொத்தமாக உள்ளே தள்ளிவிடும். பால்வெளி செய்வதற்குப் பொருத்தமான சொல் உரித்தல். வெளிப்புறத்திலிருந்து தொடங்கி, அடுக்கடுக்காக, பல நூறு கோடி ஆண்டுகள் நீளும் உரிப்பு அது. உரித்தல் என்று சொல்லிப் பாருங்கள், உடனே ஒரு கேள்வி எழும்: முதலில் எது உரியும், கடைசிவரை எது நிற்கும்? மங்கலான சிறு திரள்களைப் பற்றி விண்ணியலாளர்கள் இன்று நடத்தும் விவாதங்களில் பெரும்பாலானவை அந்தக் கேள்வியைச் சுற்றித்தான் நடக்கின்றன.

கணிதம் இல்லாமலே இதைப் புரிந்துகொள்ளலாம். கடலிலிருந்து தொடங்குவோம்.

## கடல் ஏன் இரண்டு பக்கமும் உயர்கிறது?

கடல்நீர் ஏறி இறங்குவதை ஓதம் என்கிறோம். கடற்கரை ஊர்களில் ஏற்றம், வற்றம் என்பார்கள். இலங்கைப் பாடநூல்கள் வற்றுப்பெருக்கு என்று எழுதும். நிலவு கடல்நீரை இழுக்கிறது, அதனால் நீர் உயர்கிறது என்று பள்ளியில் படித்திருப்போம். அந்த விளக்கத்தில் ஒரு பெரிய ஓட்டை உண்டு. இழுப்பு மட்டுமே காரணம் என்றால் நிலவைப் பார்த்த பக்கத்தில் மட்டும்தான் நீர் உயர வேண்டும், நாளுக்கு ஒருமுறைதான் ஏற்றம் வர வேண்டும். உண்மையில் பெரும்பாலான கரைகளில் இருமுறை வருகிறது. நிலவுக்கு நேர் எதிரே, பூமியின் மறுபக்கத்திலும் அதே வேளையில் நீர் உயர்ந்திருக்கிறது.

மூன்று பேர் ஒரே சாலையில் ஒருவர் பின் ஒருவராக நடக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்னால் போகிறவர் வேகமாக நடக்கிறார், நடுவில் உள்ளவர் நிதானமாக, கடைசி ஆள் மெதுவாக. மூவரும் ஒரே திசையில்தான் போகிறார்கள். ஆனால் நடுவில் இருப்பவர் பார்வையில், முன்னவர் முன்பக்கம் விலகிக்கொண்டே போகிறார்; பின்னவர் பின்பக்கம் விலகிக்கொண்டே போகிறார். தன்னிடமிருந்து இரண்டு பேரும் எதிரெதிர்த் திசையில் பிரிந்து போவதாகத்தான் அவருக்குத் தோன்றும்.

நிலவுக்கு அருகிலுள்ள கடல், பூமியின் மையம், மறுபக்கக் கடல் ஆகிய மூன்றும் இந்த மூவரைப் போன்றவை. நிலவின் ஈர்ப்பு அருகில் அதிகம், மையத்தில் நடுத்தரம், மறுபக்கத்தில் குறைவு. இந்த வேறுபாடு பூமியை இருபுறமும் நீட்டப் பார்க்கிறது. ஒரு பொருளின் அருகுப் பக்கத்துக்கும் தொலைவுப் பக்கத்துக்கும் இடையே ஈர்ப்பில் உள்ள இந்த வேறுபாட்டையே ஓத விசை என்கிறார்கள்.

இழுப்பு வேறு, ஓத விசை வேறு என்பதற்கு நம் தலைக்கு மேலேயே சான்று இருக்கிறது. பூமியின்மீது சூரியனின் ஈர்ப்பு, நிலவின் ஈர்ப்பைவிடச் சுமார் 180 மடங்கு வலிமையானது. இழுப்புதான் ஓதத்தை உண்டாக்குகிறது என்றால் நம் கடல்கள் சூரியனை மட்டுமே பின்பற்றி ஏறி இறங்க வேண்டும். ஆனால் ஓதத்தில் நிலவின் பங்கு சூரியனுடையதைப் போல இரண்டு மடங்குக்கும் அதிகம். சூரியன் மிகத் தொலைவில் இருப்பதால், பூமியின் இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் அதன் இழுப்பில் பெரிய வேறுபாடு இல்லை. அருகில் இருக்கும் நிலவுக்கோ அந்த வேறுபாடு கணிசமாக இருக்கிறது.

தொலைவு இரு மடங்கானால் ஈர்ப்பு நான்கில் ஒரு பங்காகும், ஓத விசையோ எட்டில் ஒரு பங்காகிவிடும். இதைத் திருப்பிச் சொன்னால், பாதித் தொலைவுக்கு நெருங்கும் பொருளை எட்டு மடங்கு ஓத விசை பிடித்து நீட்டும். நெருங்கிப் போவது எவ்வளவு ஆபத்து என்பதை ஷூமேக்கர்-லெவி 9 என்ற வால்மீன் காட்டியது. 1992 ஜூலையில் அது வியாழனை உரசுவதுபோல் கடந்தபோது ஓத விசையால் துண்டுகளானது. 1993 மார்ச்சில் கண்டுபிடிக்கப்பட்டபோது முத்துச் சரம்போல் வரிசையாக நின்றது. 1994 ஜூலையில் அந்தத் துண்டுகள் ஒவ்வொன்றாக வியாழன்மீது விழுந்தன. வால்மீன் உடைந்தபோது வியாழன் அதைத் தொடக்கூட இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

இதுவரை பார்த்தது: ஓத விசை என்பது ஈர்ப்பின் வேறுபாடு. அது ஒரு பொருளை இருபுறமும் நீட்டும். நெருங்க நெருங்க மிக வேகமாக வளரும். தொடாமலே உடைக்கும்.

## குறுந்திரள் என்பது எவ்வளவு சிறியது?

நம் பால்வெளியில் பத்தாயிரம் கோடிக்கும் மேற்பட்ட விண்மீன்கள் உள்ளன. அதைச் சுற்றிவரும் சிறிய திரள்களைக் குறுந்திரள்கள் என்று இங்கே அழைப்போம். 2000ஆம் ஆண்டுவரை பால்வெளியின் துணைத் திரள்களாக நமக்குத் தெரிந்தவை பதினொன்றுதான். தென்வானில் வெறும் கண்ணுக்கே தெரியும் இரண்டு மெகல்லன் மேகங்களும் அவற்றில் அடக்கம். அதன் பிறகு கணினி வழியே வானம் முழுவதையும் சலித்துப் பார்க்கும் ஆய்வுகள் வந்தன, எண்ணிக்கை பல மடங்காகப் பெருகியது.

புதிதாகக் கிடைத்தவற்றில் பல நம்ப முடியாத அளவுக்கு மங்கலானவை. சுமார் 75,000 ஒளியாண்டு தொலைவிலுள்ள செகு 1 என்ற குறுந்திரளின் மொத்த ஒளி, சில நூறு சூரியன்களின் ஒளிதான். பால்வெளியில் தனித்தனியே சில விண்மீன்கள் இதைவிடப் பல நூறு மடங்கு அதிகமாக ஒளிர்கின்றன. ஒரு முழுத் திரளே ஒற்றை விண்மீனிடம் ஒளியில் தோற்றுப்போகிறது! ஆனால் அதனுள் அடங்கியிருக்கும் நிறை பல லட்சம் சூரியன்களுக்குச் சமம் என்று அதன் விண்மீன்களின் வேகம் சொல்கிறது. கணக்கில் இடிக்கும் அந்த மீதி நிறைதான் கரும்பொருள்.

கரும்பொருள் என்பது ஒளியை உமிழாத, உறிஞ்சாத, ஈர்ப்பால் மட்டுமே தன்னைக் காட்டிக்கொள்ளும் பொருள். பிரபஞ்சத்தில் உள்ள பொருளில் ஏறத்தாழ 85 சதவீதம் இதுவே. பெயர் ஒத்திருப்பதால் பலர் இதைக் கருந்துளையோடும் கரும் ஆற்றலோடும் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள், மூன்றும் வெவ்வேறு. ஏறக்குறைய ஒவ்வொரு திரளும், அதில் ஒளிரும் பகுதியைவிடப் பல மடங்கு அகன்ற ஒரு கரும்பொருள் உருண்டைக்குள் புதைந்திருக்கிறது. அந்த உருண்டையைக் கரும்பொருள் உறை என்போம்.

## மூன்று விண்மீன்களை வைத்து ஒரு திரளை எடைபோட்ட கதை

கவணில் கல்லை வைத்துச் சுழற்றுகிறவருக்கு ஒன்று தெரியும்: கல் எவ்வளவு வேகமாகச் சுழல்கிறதோ அவ்வளவு பலமாகக் கயிற்றைப் பிடித்திருக்க வேண்டும். கயிறு கண்ணுக்குத் தெரியாவிட்டாலும், கல்லின் வேகத்தைப் பார்த்தே பிடியின் வலிமையைச் சொல்லிவிடலாம். திரள்களில் ஈர்ப்பே கயிறு, விண்மீனே கல்.

குறுந்திரளில் விண்மீன்கள் ஒழுங்காக ஒரே திசையில் சுற்றுவதில்லை. தேன்கூட்டைச் சுற்றும் ஈக்களைப்போல் எல்லாத் திசையிலும் அலைகின்றன. அவற்றின் வேகங்கள் சராசரியிலிருந்து எவ்வளவு விலகிப் பரந்திருக்கின்றன என்பதற்கு வேகச் சிதறல் என்று பெயர். சிதறல் அதிகம் என்றால் பிடியும் அதிகம், பிடி அதிகம் என்றால் நிறையும் அதிகம்.

1983இல் மார்க் ஆரன்சன் என்ற அமெரிக்க விண்ணியலாளர், டிராக்கோ என்ற குறுந்திரளில் மூன்றே மூன்று விண்மீன்களின் வேகத்தை அளந்தார். ஒளிரும் விண்மீன்களின் நிறை மட்டுமே அங்கே இருந்தால் சிதறல் நொடிக்கு ஒன்றிரண்டு கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. அவருக்குக் கிடைத்த விடை அதைவிடப் பல மடங்கு அதிகம். மூன்று விண்மீன்களை நம்பி இவ்வளவு பெரிய முடிவா என்று அன்று பலர் தயங்கினார்கள். அந்தத் தயக்கம் நியாயமானதே. பின்னர் பல நூறு விண்மீன்களை அளந்தபோதும் சிதறல் நொடிக்குச் சுமார் 9 கிலோமீட்டர் என்றே வந்தது. ஆரன்சனின் துணிச்சல் வீண்போகவில்லை.

இந்த இடத்தில்தான் ஓத விசை முதன்முதலாக வழக்கில் சாட்சியாக அழைக்கப்பட்டது. டிராக்கோ உடைந்துகொண்டிருக்கும் திரளாக இருந்தால் என்ன? ஓதத்தால் பிய்த்து எறியப்படும் விண்மீன்கள் பல திசைகளில் விலகி ஓடும். அந்த ஓட்டத்தை நாம் பிடியின் வலிமை என்று தவறாகப் படிக்கிறோமோ? அப்படியானால் கரும்பொருளே தேவையில்லை. சில ஆய்வாளர்கள் 1980களின் பிற்பகுதியிலும் 1990களிலும் இப்படி வாதிட்டார்கள்.

வாதம் சரியாக இருந்தால் அதற்குத் தடயம் இருக்க வேண்டும். உடையும் திரள் நீண்டிருக்கும், அதிலிருந்து வால்கள் கிளம்பியிருக்கும். டிராக்கோவைச் சுற்றி எவ்வளவு தேடியும் அப்படி எதுவும் தென்படவில்லை. விண்மீன்களுக்கு நடுவில் ஏதோ கனமான ஒன்று உட்கார்ந்துகொண்டு அவற்றைக் கெட்டியாகப் பிடித்திருக்கிறது. ஓதத்தை வைத்துக் கரும்பொருளை மறுக்க முயன்ற வாதமே கடைசியில் கரும்பொருளுக்கு வலுச்சேர்த்தது.

சுருக்கமாக: விண்மீன்களின் வேகச் சிதறல் ஒரு திரளின் நிறையைச் சொல்லும். ஆனால் அந்தத் திரள் ஓதத்தால் குலைந்திருக்கிறதா என்று பார்க்காமல் அந்த எண்ணை நம்பக் கூடாது.

## உரிப்பின் வரிசை

இப்போது முக்கியமான கேள்விக்கு வருவோம். ஒரு குறுந்திரள் பால்வெளியை நெருங்குகிறது. ஓத விசை அதை நீட்டுகிறது, திரளின் சொந்த ஈர்ப்பு அதைச் சேர்த்துப் பிடிக்கிறது. நடுவில் சொந்தப் பிடி வெல்லும், ஓரத்தில் ஓதம் வெல்லும். இரண்டும் சமமாகும் தொலைவை ஓத எல்லை என்கிறார்கள். எல்லைக்கு வெளியே இருப்பவை மெல்ல மெல்லக் கழன்று போகும். பால்வெளியின் மையத்தை நெருங்குந்தோறும் அந்த எல்லை சுருங்கும்.

அந்த ஓரத்தில் இருப்பது என்ன? கரும்பொருள்தான். தேங்காயை நினைத்துக்கொள்ளுங்கள். பருப்பு உள்ளே சிறிய இடத்தில் இருக்கிறது, சுற்றிலும் தடித்த மட்டை. விண்மீன்கள் பருப்பைப் போல, கரும்பொருள் உறை மட்டையைப் போல. உரிக்கிறவர் கைக்கு முதலில் வருவது மட்டைதான். இந்த ஒப்புமை ஓரிடத்தில் பொருந்தாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். தேங்காயில் பருப்பு இருக்கும் இடத்தில் மட்டை இல்லை. குறுந்திரளிலோ விண்மீன்கள் இருக்கும் நடுப்பகுதியிலும் கரும்பொருள் நிறைந்தே இருக்கிறது. வெளிப்பகுதியில் விண்மீன் இல்லை, கரும்பொருள் மட்டும் உண்டு என்பதே நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது.

மட்டை போகும்போது பருப்புக்கு என்ன ஆகும்? கிட்டத்தட்ட ஒன்றும் ஆகாது. இதற்குக் காரணத்தை நியூட்டன் அன்றே நிறுவிவிட்டார். ஒரு கோளக் கூட்டின் உள்ளே இருக்கும் பொருளை, கூட்டின் ஒவ்வொரு பகுதியும் தன் பக்கம் இழுத்தாலும், எல்லா இழுப்புகளும் ஒன்றையொன்று ஈடுசெய்து சுழியாகிவிடும். உள்ளே இருக்கிறவனுக்கு அந்தக் கூடு இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். ஆகவே வெளி உறை கழன்று போனது நடுவிலுள்ள விண்மீன்களுக்குத் தெரியவே தெரியாது. கணினி உருவகங்கள் இதை எண்ணாகவே காட்டுகின்றன: ஒரு குறுந்திரள் தன் கரும்பொருளில் சுமார் 90 சதவீதத்தை இழந்த பிறகுதான் விண்மீன்களைக் கணிசமாக இழக்கத் தொடங்குகிறது.

இதை ஒருமுறை நிதானமாக யோசித்துப் பாருங்கள். தொலைநோக்கியில் ஒரு குறுந்திரள் அழகாக, குலையாமல், உருண்டையாகத் தெரிகிறது. அது தன் சொத்தில் பத்தில் எட்டுப் பங்கை ஏற்கெனவே பறிகொடுத்ததாக இருக்கலாம். படத்தை மட்டும் பார்த்தால் அது தெரியாது. மாறாக, விண்மீன்களே பிய்ந்து வால்போல் நீண்டிருக்கும் திரளைப் பார்த்தால், அதன் கரும்பொருளில் பெரும்பகுதி எப்போதோ போய்விட்டது என்று உறுதியாகச் சொல்லலாம்.

## உரிந்தவை எங்கே போகின்றன?

பிய்ந்த விண்மீன்கள் பால்வெளியின் வாய்க்குள் விழுவதில்லை. அவை தாய்த்திரள் சென்ற பாதையிலேயே தொடர்ந்து ஓடுகின்றன, சிறு வேறுபாட்டோடு. பள்ளி மைதானத்தில் வட்டப் பாதையில் நடக்கும் ஓட்டத்தை நினைவுகூருங்கள். உள்வட்டத்தில் ஓடுகிறவன் முந்திவிடுவான், வெளிவட்டத்தில் ஓடுகிறவன் பின்தங்குவான். பால்வெளியை நோக்கிய பக்கமாகக் கழன்றவை சற்று உள்வட்டத்தில் சென்று முந்துகின்றன. எதிர்ப்பக்கமாகக் கழன்றவை பிந்துகின்றன. நாளடைவில் திரளுக்கு முன்னே ஒரு வாலும் பின்னே ஒரு வாலும் நீளும். இதை விண்மீன் ஓடை என்கிறார்கள். கடலில் பார்த்த இரண்டு ஏற்றங்களின் உறவுக்காரர்கள்தான் இந்த இரண்டு வால்களும்.

1994இல் இபாட்டா, கில்மோர், இர்வின் ஆகிய மூன்று விண்ணியலாளர்கள் பால்வெளியின் நடுப்பகுதியை ஆராய்ந்துகொண்டிருந்தபோது, அங்கே பொருந்தாத வேகத்தில் சேர்ந்து நகரும் ஒரு விண்மீன் கூட்டத்தைக் கண்டார்கள். நம்மிடமிருந்து பார்த்தால் பால்வெளியின் மையத்துக்கு அப்பால் ஒளிந்திருந்த அதுவே தனுசுக் குறுந்திரள். இவ்வளவு அருகில் இருந்தும் அதுவரை யார் கண்ணிலும் படவில்லை. 2003இல் அகச்சிவப்பு ஒளியில் வானம் முழுவதையும் வரைந்து பார்த்தபோது, அதிலிருந்து பிய்ந்த விண்மீன்கள் வானத்தையே சுற்றி வளைத்து ஓடுவது தெரிந்தது. அதன் மையத்தில் இருக்கும் எம் 54 என்ற விண்மீன் கொத்தை 1778இலேயே பிரெஞ்சு விண்ணியலாளர் மெசியே பார்த்துக் குறித்துவைத்திருந்தார். ஒரு திரளின் இதயத்தைப் பார்க்கிறோம் என்று அவருக்கோ அடுத்த இருநூறு ஆண்டுகளில் வந்தவர்களுக்கோ தெரியவில்லை.

## எஞ்சியது எப்படி மாறுகிறது?

இதுவரை சொன்னது உரிப்பின் முதல் பாதி. மட்டை முழுதும் போன பின், உரிப்பு விண்மீன்கள் இருக்கும் இடத்தையே எட்டும்போது கதை மாறுகிறது. இப்போது இழக்கும் ஒவ்வொரு பிடி கரும்பொருளும் விண்மீன்களைக் கட்டிய கயிற்றிலிருந்து ஓர் இழை.

இறுகக் கட்டிய வைக்கோல் கட்டில் கயிறுகளை ஒவ்வொன்றாக அறுத்தால் கட்டு தளர்ந்து ஊதிப் பெருக்கும். குறுந்திரளும் அப்படித்தான். பிடி தளர்ந்ததால் விண்மீன்கள் அகன்று பரவுகின்றன. பிடிக்கும் நிறை குறைந்ததால் அவற்றின் வேகமும் குறைகிறது. பெரிதாக, மங்கலாக, மந்தமாக மாறிய திரளே மிச்சம்.

அப்படி ஒன்று 2016இல் கிடைத்தது. பெயர் கிரேட்டர் 2. சுமார் 3,80,000 ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. அதன் ஒளியில் பாதி அடங்கும் ஆரம் சுமார் 3,500 ஒளியாண்டு. பால்வெளியின் துணைத் திரள்களில் அளவில் அதைவிடப் பெரியவையாக அப்போது அறியப்பட்டிருந்தவை மூன்றே: இரண்டு மெகல்லன் மேகங்களும் தனுசுக் குறுந்திரளும். இவ்வளவு பெரிய ஒன்று இத்தனை காலம் கண்ணில் படாமல் போனதற்குக் காரணம், இருக்கும் கொஞ்ச ஒளியும் அந்தப் பரப்பு முழுவதும் தூவப்பட்டிருந்ததுதான்.

டிராக்கோவையும் கிரேட்டர் 2ஐயும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மொத்த ஒளியில் இரண்டும் ஒரே தரம். ஆனால் கிரேட்டர் 2 ஏறக்குறைய ஐந்து மடங்கு அகன்றது. அதன் வேகச் சிதறல் நொடிக்கு 2.7 கிலோமீட்டர்தான், டிராக்கோவில் 9. கணக்குப் போட்டால், விண்மீன்கள் உள்ள பகுதியில் கிரேட்டர் 2இன் அடர்த்தி டிராக்கோவைவிட நூறு மடங்குக்கும் மேல் குறைவாக வருகிறது. கையா விண்கலம் அளந்த நகர்வுகளோ, கிரேட்டர் 2 நீண்ட பாதையில் பால்வெளியின் உட்பகுதிவரை வந்து திரும்புகிறது என்று காட்டுகின்றன. இன்று தொலைவில் நிற்கிறது. என்றோ ஆபத்தான நெருக்கத்தில் போயிருக்கிறது. உரிப்புக்கு வேண்டிய எல்லாம் பொருந்துகின்றன.

வேகம் குறைவு என்றவுடன் "கரும்பொருள் இல்லை" என்று எழுதிவிடுகிறார்கள். அது தவறு. விண்மீன்களின் நிறை மட்டும் இருந்தால், இவ்வளவு அகன்ற திரளில் சிதறல் நொடிக்கு அரைக் கிலோமீட்டரைக்கூட எட்டாது. 2.7 என்பது குறைவுதான், ஆனால் அதைத் தாங்கவும் கரும்பொருள் வேண்டும். பெருஞ்சொத்தில் எஞ்சிய சிறு பங்கைத்தான் நாம் பார்க்கிறோம்.

திரும்பிப் பார்த்தால்: உரிப்பு வெளிக் கரும்பொருளை முதலில் எடுக்கிறது, அப்போது விண்மீன்களுக்குத் தெரிவதில்லை. பிறகு உள்ளே எட்டும்போது திரள் ஊதி, மந்தமாகிறது. விண்மீன்கள் ஓடையாக ஓடுவது கடைசிக் கட்டம்.

## கொட்டை இருக்கிறதா, இல்லையா?

இங்கே விஷயம் இன்னும் சுவையாகிறது. கரும்பொருளின் இயல்பு என்ன என்பதையே ஓதம் நமக்குச் சொல்லக்கூடும்.

கரும்பொருள் துகள்கள் ஒன்றோடொன்று மோதாமல் ஈர்ப்பால் மட்டுமே சேர்கின்றன என்று வைத்துக் கணக்கிட்டால், உறையின் நடுவில் அடர்த்தி கூர்மையாக ஏறிக்கொண்டே போகிறது. நடுவில் கெட்டியான கொட்டை உள்ள மாம்பழம்போல. சதையை எவ்வளவு உரித்தாலும் கொட்டை மிஞ்சும். அத்தகைய உறையை ஓதத்தால் முழுமையாக அழிக்க முடியாது, மிகச் சிறிய எச்சம் எப்போதும் தப்பிவிடும் என்று 2020இல் வெளியான கணக்கீடுகள் காட்டின. நடு அடர்த்தி ஏறாமல் தட்டையாக இருந்தாலோ, அது சப்போட்டாவின் சதைபோல் குழைந்தது. ஓரளவுக்கு மேல் உரித்தால் அடியோடு கலைந்துவிடும்.

கிரேட்டர் 2 இந்த இடத்தில் சிக்கலை உண்டாக்குகிறது. கொட்டையுள்ள உறையை 2.7 கிலோமீட்டர் வேகத்துக்கு இறங்கும்வரை உரித்தால், எஞ்சும் திரள் கிரேட்டர் 2 அளவுக்குப் பெரிதாக இருப்பதில்லை, சிறுத்துப்போகிறது. தட்டையான நடுப்பகுதி உள்ள உறை எளிதாக ஊதிப் பெருக்கும் என்பதால் அது சிலருக்குப் பொருத்தமாகப் படுகிறது. தமக்குள் மோதிக்கொள்ளும் கரும்பொருள் அப்படிப்பட்ட நடுப்பகுதியை உருவாக்கும். ஒரேயொரு மங்கலான திரளை வைத்துக் கரும்பொருளின் குணத்தைத் தீர்ப்பு எழுதுவது அவசரம் என்றே நான் நினைக்கிறேன். ஆனால் கையா தரவுகளிலிருந்து 2018இல் அகப்பட்ட ஆன்ட்லியா 2 என்ற குறுந்திரளும் இதே சாயல்தான். கிரேட்டர் 2ஐவிடவும் அகன்று, அதேபோல் மங்கலாகக் கிடக்கிறது. இரண்டாகிவிட்டால் விதிவிலக்கு என்று ஒதுக்குவது கடினம்.

தொலைவிலும் ஒரு சாட்சி உண்டு. என்ஜிசி 1052-டிஎஃப்2 என்ற திரளில் கரும்பொருளே இல்லாததுபோல் இருக்கிறது என்று 2018இல் அறிவிப்பு வந்தது. அடுத்த ஆண்டே டிஎஃப்4 என்ற இரண்டாவது திரளும் அதே பட்டியலில் சேர்ந்தது. 2020இல் டிஎஃப்4ஐ மிக ஆழமாகப் படம் பிடித்தபோது, அதிலிருந்து ஓத வால்கள் நீள்வது தெரிந்தது. விண்மீன்களே உரிகின்றன என்றால் கரும்பொருள் முன்பே போயிருக்க வேண்டும் என்ற நம் வரிசை அங்கும் பொருந்துகிறது. வாயு நிறைந்த இரு திரள்கள் மிகுவேகத்தில் மோதி இப்படிக் கரும்பொருளற்ற திரள்கள் பிறந்திருக்கலாம் என்ற இன்னொரு விளக்கமும் உயிரோடு இருக்கிறது.

## அறுபது விண்மீன்களின் வழக்கு

ஓதம் அழிப்பதை மட்டுமே இதுவரை சாட்சியாக எடுத்துக்கொண்டோம். அழியாமல் நிற்பதும் சாட்சிதான்.

உர்சா மேஜர் 3 என்ற பொருளைப் பற்றிய கண்டுபிடிப்பு 2024இல் வெளியானது. சுமார் 33,000 ஒளியாண்டு தொலைவில், ஏறத்தாழ 60 விண்மீன்கள் மட்டுமே கொண்ட சிறு கூட்டம். எல்லா விண்மீன்களின் நிறையையும் கூட்டினால் 16 சூரியன்கள் அளவுதான் வரும். வயதோ ஆயிரம் கோடி ஆண்டுகளுக்கும் மேல். பால்வெளியின் ஓத விசை வலிமையாக இருக்கும் பகுதிக்குள்ளேயே அது சுற்றுகிறது. 16 சூரியன்களின் பிடி இந்த ஓதத்துக்கு எதிரே எம்மாத்திரம்? கரும்பொருள் இல்லையென்றால் நூறு கோடி ஆண்டுகள் ஆவதற்குள் அது கலைந்துபோகும் என்று கணக்குகள் சொல்கின்றன. அது கலைந்து முடிவதற்குச் சற்று முன்னால், சரியாக நம் காலத்தில் நாம் எட்டிப் பார்க்கிறோமா? அல்லது கரும்பொருள் உறை ஒன்று அதைப் பொத்திக் காத்து வருகிறதா? இரண்டாவது சரி என்றால், நாம் அறிந்தவற்றில் மிக மங்கலான விண்மீன் திரள் அதுதான்.

வேகச் சிதறல் தீர்த்துவைக்கும் என்று பார்த்தால் அங்கே வேறொரு தடை. பதினொரு விண்மீன்களை அளந்ததில் நொடிக்கு 3.7 கிலோமீட்டர் வந்தது. கரும்பொருள் ஏராளம் என்று பொருள். அந்தப் பதினொன்றில் ஒரேயொரு விண்மீனை நீக்கிவிட்டால் எண் 1.9க்கு இறங்கிவிடுகிறது. அந்த விண்மீனுக்குக் கண்ணுக்குத் தெரியாத ஒரு துணை இருந்து, அதைச் சுற்றியே அது ஆடிக்கொண்டிருந்தால், நாம் அளந்தது திரளின் பிடியை அல்ல, அந்த ஜோடியின் நடனத்தை. 2025இல் வெளியான ஓர் ஆய்வு, நடுவில், இறந்த விண்மீன்களின் கனத்த எச்சங்களான கருந்துளைகளும் நியூட்ரான் விண்மீன்களும் சேர்ந்திருந்தால் கரும்பொருள் இல்லாமலே இந்தக் கொத்து தாக்குப்பிடிக்கும் என்று வாதிடுகிறது.

வழக்கை முடிக்க வழி எளிமையானது, பொறுமைதான் வேண்டும். அதே பதினொரு விண்மீன்களைச் சில ஆண்டு இடைவெளியில் மறுபடி அளக்க வேண்டும். துணையோடு ஆடும் விண்மீனின் வேகம் ஒவ்வொரு முறையும் மாறும், தனியாக ஓடுவதன் வேகம் மாறாது. ஆடுகிறவற்றைக் கழித்த பிறகு மிஞ்சும் சிதறலைப் பார்க்க வேண்டும். நாற்பது ஆண்டுகளுக்கு முன் மூன்று விண்மீன்களை வைத்துக்கொண்டு ஆரன்சன் கேட்ட அதே கேள்வி, இப்போது பதினொரு விண்மீன்களோடு மறுபடி கேட்கப்படுகிறது.